நோய்களைப் பங்கு வைத்த உண்ணாமலை

உண்ணாமலைக்கு நோய்கள் எல்லாம் தெரியும். யாராவது கேட்டால்தான் தெரியாது.

எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவாள். எதிரே ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்து, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு, சொல்லம்மா என்று கேட்டுவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மதுரையில் டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையில் அப்படித்தான் ஆயிற்று. எழுத்தில் தேறினாள், வாய்மொழியில் விழுந்தாள். கூடப் படித்த பெண்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போனார்கள். இவள் டிரங்குப் பெட்டியும் தலையணை கனத்தில் ஒரு புத்தகமுமாகப் பொன்னமராவதி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து வண்டி பிடித்து ஊர் வந்து சேர்ந்தாள். அது அறுபத்திரண்டாம் வருஷம் கோடைக்காலம். ஐப்பசியில் மறுபரீட்சை, எழுத்தும் வாய்மொழியும் மறுபடி முதலிலிருந்து.

அப்பா பெரியண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொட்டப்பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்கிறானாம் என்று பங்காளிகள் சிரித்தபோதே காது கேளாதவர் மாதிரி கடலைக்காட்டில் களை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போதும் அதையேதான் செய்தார். ஆனால் உண்ணாமலை ஒரு முடிவோடு வந்திருந்தாள். அதை ஆத்தா சந்தனத்திடம் மட்டும் சொன்னாள்.

“இந்த வாட்டியும் நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா மூணாவது வாட்டி போக மாட்டேன் ஆத்தா. நோயாளி முன்னாடி வாயத் தொறக்கத் தெரியாதவ டாக்டராகி யாருக்கு என்ன லாபம்?”

சந்தனம் மகளின் தலையைக் கோதிவிட்டு, மொதல்ல சாப்பிடு என்றாள். சந்தனத்துக்கு எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அதுதான்.

வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு. அதன் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து உண்ணாமலை காலை முதல் மாலை வரை படித்தாள். படித்ததைக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தால் ஒரு நோயின் குறிகள் இன்னொரு நோயோடு போய்ச் சேர்ந்துகொண்டன. காமாலைக்காரனுக்குக் கழுத்து வீங்கியது. காசநோய்க்காரனுக்குக் கை நடுங்கியது. புத்தகத்தைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று தோன்றிய ஒரு நாளில், சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டி வந்தது.

அங்கே பெண்கள் பழைய கதை பேசினார்கள். எந்தக் கல்யாணத்தில் யார் என்ன சீர் கொண்டுவந்தார்கள், எந்தப் பந்தியில் யாருக்கு இலை போட மறந்து யார் கோபித்துக்கொண்டு போனார்கள், அவரை அழைத்து வர யார் பின்னால் ஓடினார்கள். ஒவ்வொன்றுக்கும் உண்ணாமலைதான் பதில் சொன்னாள். பத்து வயதில் பார்த்த கல்யாணத்தின் பந்திகூட வரிசை மாறாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஒன்று பட்டது. இந்த மண்டையில் சொந்தம் நிற்கிறது, நோய்தான் நிற்க மாட்டேன் என்கிறது. அப்படியானால் நோயைச் சொந்தமாக்கிவிட்டால் என்ன?

மறுநாளே பங்கு வைக்க ஆரம்பித்தாள். முதலில் அப்பாவின் அக்கா, காத்தாயி அயித்தை. வெற்றிலை போட்டுப் போட்டு வாயும் கன்னமும் சிவந்து கிடக்கும் அயித்தைக்கு இருதய வால்வு சுருக்கத்தைக் கொடுத்தாள். அந்த நோய்க்கும் கன்னம் சிவக்கும். அயித்தை படியேறி மூச்சு வாங்குவதையும், படுக்க முடியாமல் எழுந்து உட்காருவதையும், இருமலில் ரத்தம் கண்டு திடுக்கிடுவதையும் மனசுக்குள் ஓடவிட்டாள். ஒரு குறிகூடத் தவறவில்லை. அடுத்து சித்தப்பா கருப்பன். கள்ளுக்கடைகளைச் சர்க்கார் மூடி வருஷக்கணக்காகியும் எங்கிருந்தோ வாசனையோடு வரும் அவருக்கு ஈரல் சுருக்கம், வயிற்றில் நீர், நெஞ்சில் சிலந்திக்கால் மாதிரி சிவப்புக் கோடுகள். எந்த நேரமும் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருக்கும் தாய்மாமன் பழனிச்சாமிக்குச் சொறி சிரங்கு. பாட்டுப் பாடுகிற மாதிரி நோய் மனப்பாடமாயிற்று. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை, சத்தம் போட்டே சொல்ல ஆரம்பித்தாள்.

மாட்டுக்கு வைக்கோல் பிடுங்க வந்த சந்தனத்தின் காதில் அது விழுந்தது. கருப்பனுக்கு ஈரல் போய்விட்டது, காத்தாயிக்கு இருதயம் சுருங்கிவிட்டது என்று டாக்டருக்குப் படித்த மகள் தன்னந்தனியாக உட்கார்ந்து சொன்னால் பெற்றவள் என்ன நினைப்பாள்? பிடுங்கிய வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பொழுது சாய்வதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. காத்தாயி அழுதுகொண்டே வந்தாள். கருப்பன் அன்றைக்கு அதிசயமாகத் தெளிவாக இருந்தார். பழனிச்சாமி அம்மான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேலத்தெருவிலிருந்து ஆளோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்.

உண்ணாமலைக்கு உயிரே போய்விட்டது. யாருக்கும் எந்த நோயும் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள ஆளுக்கொன்று மனசுக்குள் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மான்தான் தொண்டையைச் செருமினார்.

“அப்ப எனக்கு என்னத்தா குடுத்திருக்க?”

பொய் சொல்லத் தெரியாத பெண். சொறி சிரங்கு என்று சொல்லிவிட்டாள்.

அம்மானின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வீட்டில் அவள் காது குத்தியது அவர் மடியில். எந்த விசேஷமானாலும் தாய்மாமன் மாலைதான் முதல் மாலை. அவர் கால் வைக்காமல் பந்தலில் கால் ஊன்ற மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஆளுக்குச் சிரங்கு, தங்கையின் நாத்தனாருக்கு இருதயமா?

“மொத மரியாதை தாய்மாமனுக்குத்தான?” என்று அவர் சபையைப் பார்த்துக் கேட்டார். “இருதயம் எனக்கு வரணும். செரங்க வேற ஆரு வேணும்னாலும் வச்சுக்கிறட்டும்.”

அழுதுகொண்டிருந்த காத்தாயிக்குக் கண்ணீர் சட்டென்று நின்றது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். பிறந்த வீட்டில் தனக்கென்று கிடைத்தது இந்த ஒரு இருதயம்தான், அதையும் பிடுங்கிக்கொண்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். இரண்டு பக்கத்துக்கும் ஆள் சேர்ந்தது. பெரியண்ணன் மெல்ல எழுந்து கடலைக்காட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் உண்ணாமலையாகிப் போனாள். இருதயத்தில் வால்வு பல உண்டு, அயித்தைக்குக் கொடுத்தது உள்வால்வு, அம்மானுக்கு வாசல் வால்வு, பெரிய குழாய் கிளம்புகிற இடம், அதைவிட உசத்தி ஒன்றும் கிடையாது என்றாள். அது பழுதானால் ஒவ்வொரு துடிப்புக்கும் கழுத்து நரம்பு துள்ளும், தலை தானாக ஆடும். பஞ்சாயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பழகியவர் அம்மான். அவருக்குப் பரம திருப்தி. அந்த வால்வு கெடுவதற்குப் புத்தகம் சொல்லும் காரணங்களில் தகாத சகவாசத்தால் வரும் மேகநோயும் ஒன்று என்பதை உண்ணாமலை கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. நமக்கென்ன வந்தது, நாமும் சொல்ல வேண்டாம்.

இத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். முடியுமா? கல்யாணப் பத்திரிகை வராத வீட்டுக்காரர்கள் மாதிரி ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒன்றுவிட்ட பெரியம்மா மருதாயி வாசலிலேயே நின்றுகொண்டு, நாங்களெல்லாம் சொந்தமில்லையா என்று கேட்டாள். அவளுக்கென்று தேடியபோது நல்ல நோய் எல்லாம் போய்விட்டிருந்தது. உண்ணாமலை புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டி, தைராய்டு சுரப்பு வற்றிப்போகிற நோயைக் கண்டுபிடித்தாள். உடம்பு தடித்து, தோல் வறண்டு, குரல் கரகரத்து, பேச்சும் நடையும் மந்தமாகும். இங்கிலீஷ் பெயரைக் கேட்டதும் மருதாயிக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவு நீளப் பெயர் வேறு யாருக்கும் இல்லையே என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

போன தடவை உண்ணாமலை அந்தப் பின்பக்கங்களைப் பிரித்ததே கிடையாது. இப்போது ஒரு பங்காளியை விட்டாலும் மனஸ்தாபம் வரும் என்பதால் ஒரு பக்கத்தைக்கூட விட முடியவில்லை. கொடுத்ததோடும் போகவில்லை. தண்ணீருக்குப் போகும் வழியில் காத்தாயி படப்பு ஓரம் எட்டிப் பார்த்து, எனக்கு என்னவெல்லாம் செய்யும், சொல்லு என்பாள். இன்றைக்கு ஒரு குறி விட்டுப்போனால், நேற்று ரத்தம் வரும் என்றாயே, இன்றைக்கு என்ன ஆயிற்று என்று மறித்துக் கேட்பாள். அம்மான் தினமும் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டால் தொடையைத் தட்டிக்கொண்டு கேட்பார். மதுரை டாக்டரின் விரல் மேசையில் தட்டியதற்கு அது சளைத்ததல்ல. ஆரம்பத்தில் நாக்கு ஒட்டத்தான் செய்தது. பிறகு பழகிவிட்டது. கேட்பது அம்மான்தானே, தின்றுவிடவா போகிறார் என்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு நோய்தான் யாரிடமும் போய்ச் சேரவில்லை. கொக்கிப்புழுவும் அதனால் வரும் ரத்தசோகையும். அதை ஒருத்திக்குச் சொன்னாள். வயிற்றில் புழு என்று ஊருக்குள் சொல்லிக்கொள்ள நான் என்ன வக்கற்றுப் போனேனா என்று அவள் கோபித்தாள். அம்மானிடம் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், இந்த முறை பக்கவாட்டில். கருப்பன் சித்தப்பாகூட வேண்டாம் என்றுவிட்டார். மரியாதை இல்லாத நோயை யார் வாங்குவார்கள்? போகட்டும், சின்ன நோய்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று உண்ணாமலையும் விட்டுவிட்டாள்.

ஒன்றும் வாங்காத ஆள் ஒருத்தி இருந்தாள். உண்ணாமலையைப் பெற்றவள். சந்தனத்துக்கு என்ன கொடுத்தாய் என்று காத்தாயி ஒருநாள் கேட்டபோது, ஆத்தாவுக்கு ஒண்ணும் கெடையாது என்று உண்ணாமலை வெடுக்கென்று சொன்னாள். விளையாட்டுக்குக்கூட அந்த வாயில் அது வரவில்லை. சந்தனம் சிரித்துக்கொண்டே, எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தான இருக்கேன் என்று அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஐப்பசி மழையில் நனைந்தபடி உண்ணாமலை மதுரைக்குப் போனாள். எழுத்துப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாய்மொழியின் முதல் நாள் மேசை முன்னால் உட்கார வைத்துக் கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் வழுக்கைத் தலை, கண்ணாடி, சிரிக்காத வாய். முதல் கேள்வியே பின்பக்கத்திலிருந்து. தைராய்டு வற்றினால் என்ன ஆகும்? உண்ணாமலையின் மனசுக்குள் மருதாயி பெரியம்மா மெதுவாக நடந்து வந்து, கரகரத்த குரலில் பேசினாள். குறிகள் வரிசையாக விழுந்தன. அடுத்து வாசல் வால்வு. தலை ஆடும் என்று சொல்லும்போது தன்னை அறியாமல் அம்மான் மாதிரியே ஆட்டிக்காட்டிவிட்டாள். சிரிக்காத வாய் ஒரு ஓரத்தில் சிரித்தது. அன்று மாலை விடுதியில் அவள் பசித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள்தான் பெரிய சோதனை. வார்டில் ஒரு நோயாளியைக் காட்டி, தனியாகப் பார்த்து என்ன நோய் என்று கண்டுபிடித்துவை, வந்து கேட்கிறேன் என்று சொல்லிப் போய்விடுவார்கள். உண்ணாமலைக்குக் கிடைத்தது மேலூர்ப் பக்கத்து நாற்று நடுகிற பெண், நாற்பது வயது இருக்கும்.

“என்னம்மா செய்யுது?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் செய்யல தாயி. அசதியா வருது, அம்புட்டுத்தான்.”

உண்ணாமலை தன் சொந்தங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அயித்தையா? கன்னம் சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. சித்தப்பாவா? வயிற்றில் நீர் இல்லை. மருதாயியா? குரல் தெளிவாக இருந்தது. எல்லோரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு ஆள் இல்லை என்று போய்விட்டார்கள். நாக்கு மெல்ல மேலே போவது தெரிந்தது. தூரத்துக் கட்டிலில் பரீட்சகர் இன்னொரு மாணவனை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று நாடி பார்க்கக் கையை எடுத்தாள். அந்தப் பெண்ணின் நகங்கள் நடுவில் குழிந்து, ஓரம் மேலே வளைந்திருந்தன. கரண்டி மாதிரி. இந்தக் கையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு கணம் தேடினாள். பிறகு தெரிந்தது. இது ஆத்தாவின் கை. கடலை உடைக்க நகம் தாங்காமல் பல்லால் கடித்து உடைக்கிற ஆத்தா.

ஒன்று வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு, வெயில் ஜாஸ்தி என்று சொல்லி உட்காரும் ஆத்தா. சாயங்காலம் கால் வீங்கி மெட்டியைக் கழற்ற முடியாமல் விளக்கெண்ணெய் தடவும் ஆத்தா. கோழிக்கு என்று மடியில் பச்சரிசியைக் கட்டிக்கொண்டு, கோழியைவிட அதிகம் தானே தின்னும் ஆத்தா. எல்லாவற்றையும் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆத்தா என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று இருந்துவிட்டாள். யாருமே வேண்டாம் என்று திருப்பிவிட்ட நோயை, யாரும் கொடுக்காமலே அவள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பச்சரிசி திம்பீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

அந்தப் பெண் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “ஒங்களுக்கு ஆரு சொன்னது?”

கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தாள், வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. நாக்கு வழவழத்திருந்தது. கால் விரலிடுக்கில், சேற்றில் இறங்கும்போதெல்லாம் அரிக்கும் என்றாள் அந்தப் பெண். பரீட்சகர் வந்து நின்றார். உண்ணாமலை ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நிறுத்தாமல் சொன்னாள். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களின் பாதத்தைத் துளைத்து அந்தப் புழு எப்படி உள்ளே போகிறது, குடலில் கொக்கி போட்டு எப்படி வருஷக்கணக்காக ரத்தத்தைக் குடிக்கிறது, இருதயம் எப்படி ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் களைக்கிறது என்று எல்லாம் சொன்னாள். இவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள், அசதி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று புத்தகத்தில் இல்லாததையும் சொன்னாள். முதலில் புழுவைக் கொல்வாயா, ரத்தத்தை ஏற்றுவாயா என்று அவர் மடக்கினார். இவ்வளவு வெளுத்த உடம்பு புழு மருந்தைத் தாங்காது, முதலில் இரும்புச்சத்துக் கொடுத்து ரத்தத்தை ஏற்றுவேன் என்றாள். பார்த்த மாதிரி சொல்கிறாயே, எங்கே பார்த்தாய் என்று கேட்டார்.

“வீட்டில்” என்றாள். அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே வந்து தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து அழுதாள். கோட்டை விட்டுவிட்டாயா, போகட்டும் விடு என்று கூடப் பரீட்சைக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். பரீட்சை நன்றாகத்தான் நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அத்தனை வருஷம் படித்தும் பெற்றவள் கையைத் திருப்பிப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் பயமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே பலகையில் பெயர் ஒட்டினார்கள். உண்ணாமலை பெயரும் இருந்தது. ஊர் வந்து இறங்கியதும் காத்திருந்த கூட்டத்தைக் கவனிக்காமல் நேரே அடுப்படிக்குப் போய், ஆத்தாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். மறுநாளே பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ரத்தம் பார்த்தார்கள், மலம் பார்த்தார்கள். அவள் சொன்னதேதான். ரத்தம் பாதிக்கும் கீழே. நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார் அங்கிருந்த டாக்டர். கூடவே ஆஸ்பத்திரி வாசலில் ஆத்தாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கினாள் உண்ணாமலை.

அவர்கள் திரும்பி வந்தபோது முற்றத்தில் சொந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பரீட்சையில் யார் நோயைக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களால் தூங்க முடியாது. மருதாயி பெரியம்மாவைத்தான் முதலில் கேட்டார்கள் என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மானுக்கும் குறையில்லை. காத்தாயிக்கு மட்டும் முகம் தொங்கியது, அத்தனை பெரிய இருதயத்தை ஒருவரும் கேட்கவில்லை.

“கடைசியா, பெருசா ஒண்ணு கேப்பாகளாமே, அது ஆரோடது?” என்று அம்மான் கேட்டார்.

உண்ணாமலை சொன்னாள். நகத்தையும், அரிசியையும், ஆஸ்பத்திரியில் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள். அம்மான் தங்கையின் வெளுத்த கையைப் பார்த்தார். அவர் தலை ஆடவில்லை. கெஞ்சிக் கெஞ்சிக் கொடுத்தபோது நான் வாங்கியிருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தார், வாங்கியிருந்தால் தங்கையை விட்டுப் போயிருக்கும் என்கிற மாதிரி. காத்தாயி மூக்கைச் சிந்தினாள்.

சந்தனத்துக்கு இந்த அழுகை எதுவும் பிடிக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து, புதுச் செருப்பைக் கழற்றாமலே காலை நீட்டிக்கொண்டாள்.

“எதுக்கு இப்ப மூக்கச் சிந்துறீங்க? ஒங்களுக்கெல்லாம் அவ வாயால குடுத்தா. என்னயத்தான் பாத்துச் சொல்லியிருக்கா” என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மகளிடம் கையை நீட்டினாள்.